ஐம்பது மரமும் இருபத்து மூன்று வளைவும்

ஷாஹீனுக்கு வயது ஐம்பத்தாறு. தொழில், நில அளவை. பிறந்தது, வளர்ந்தது, மணம் முடித்தது, வசவு வாங்குவது எல்லாம் அயின் லோஸ் என்ற மலைக் கிராமத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊர் மொத்தமும் தேவாலயத்தை நோக்கி நடக்கும்போது, அவர் ஒருவர் மட்டும் எதிர்த் திசையில் காரில் போய்க்கொண்டிருப்பார். ஊரார் அபூனா என்று அழைக்கும் பங்குச் சாமியார் ஒருநாள் குறுக்கே நின்று விசாரித்தே விட்டார்.

"எங்கப்பா போறே வாராவாரம்?"

"நானும் கடவுளத் தேடித்தான் போறேன், அபூனா. நீங்க நின்ன இடத்துல தேடுறீங்க, நான் ஓட்டிக்கிட்டே தேடுறேன்."

"எனக்கு முன்னாடி உனக்குக் கெடைச்சா ஒரு வார்த்தை சொல்லு."

ஷாஹீன் சொன்னதில் பொய் இல்லை. அவர் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது ஒரு சாலையை. வளைந்து வளைந்து போகும் சாலை. ஆனால் வெறுமனே வளைவது போதாது. ஒரு வளைவு முடிகிற இடத்திலேயே அடுத்த வளைவு தோள்கொடுக்க வேண்டும். கியர் மாற்றும் கை, மிதிக்கும் கால், திருப்பும் தோள் மூன்றும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு சாலை லெபனான் மலையில் எங்கோ இருக்கிறது என்று அவர் நம்பினார். மற்றவர்கள் சொர்க்கத்தை நம்புகிறார்கள். அதற்கும் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை.

தேடலுக்கான வாகனம் ஒரு சிறிய சிவப்பு இத்தாலியக் கார். இருவர் உட்காரலாம்; அதில் ஒருவர் மெலிந்தவராக இருந்தால் இருவருக்கும் நல்லது. துணிக்கூரை மடக்கினால் மடங்கும், விரித்தால் விரியாது. ஜூனியே நகரத்துப் பல் மருத்துவர் ஒருவருக்குத் திடீரென்று விவசாயியாகும் ஆசை வந்த ஆண்டில், ஷாஹீனின் தகப்பனார் விட்டுப்போன ஐம்பது ஒலிவ மரங்கள் அந்தப் பக்கம் போயின, கார் இந்தப் பக்கம் வந்தது. ஊர் அதற்கு அன்றே பெயர் வைத்துவிட்டது. இன்றுவரை யாரும் அதைக் கார் என்று சொன்னதில்லை. "ஐம்பது மரம் கீழ இறங்குது", "ஐம்பது மரம் டயர் பஞ்சராமே" என்றுதான் பேச்சு.

அவர் மனைவி நஜ்லா ஒவ்வோர் ஆண்டும் ஒலிவ அறுவடை முடிந்து, ஊர் வீடுகளில் எண்ணெய்த் தகரங்கள் வந்து இறங்கும் நாளுக்காகக் காத்திருப்பாள்.

"எல்லார் வீட்டு மரமும் எண்ணெய் குடுக்குது. நம்ம மரம் மட்டும்தான் எண்ணெய் குடிக்குது."

"உனக்கு அழகு தெரியல, நஜ்லா."

"தெரியுதே. ஐம்பது தடவை தெரியுது."

ஒரு சாலையின் தரத்தை அறிய ஷாஹீனிடம் சொந்தமாக ஒரு கருவி இருந்தது. நில அளவைக் கருவிகளைவிட அதன்மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். கண்ணாடியில் ஒரு மணிமாலையைத் தொங்கவிடுவார். காப்பிக் கடையில் உட்கார்ந்து ஆண்கள் உருட்டுவார்களே, அதே மாலைதான். கார் வளைவில் திரும்பும்போது மாலை எதிர்ப்பக்கம் சாயும். சாலை மோசமென்றால் மாலை கிறுக்குப் பிடித்ததுபோலத் துள்ளும், முன்கண்ணாடியில் மோதும். சாலை சுமாரென்றால் ஆடும், நிற்கும், யோசிக்கும், மறுபடி ஆடும். உண்மையான சாலையில் அது இடம், வலம், இடம், வலமென்று, தொட்டிலைப்போல ஒரே தாளத்தில் ஆடவேண்டும்.

அந்தத் தாளத்துக்காக அவர் ஏறாத மலையில்லை. தன்னூரின் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு சாலை கிட்டத்தட்டத் தேறியது. ஆறாவது வளைவில் ஒருவர் ஆட்டுப்பட்டி வைத்திருந்தார், ஆடுகளுக்குத் தாளம் தெரியவில்லை. வடக்கே ஒரு கணவாய்ச் சாலையில் வளைவுகள் கண்ணீர் வரவழைத்தன. ஆனால் மிகச் சிறந்த வளைவு எதுவோ அதைத் தேர்ந்தெடுத்து அதன் நடுவில் ராணுவம் சோதனைச் சாவடி போட்டிருந்தது. ரசனை இல்லாமல் அந்த இடத்தைப் பிடித்திருக்க முடியாது என்பது ஷாஹீனின் கருத்து. ஒரே காலையில் மூன்றாவது முறையாக அவர் வந்து நின்றபோது சிப்பாய் குனிந்து பார்த்தான்.

"எங்கருந்து வர்றீங்க, பெரியவரே?"

"மேலருந்து."

"எங்க போறீங்க?"

"கீழ."

"அப்புறம்?"

"மேல."

சிப்பாய் காரைச் சுற்றிவந்து பார்த்தான். கடத்தல்காரர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டு, போகவிட்டான்.

இருபத்தெட்டு ஆண்டுகள் இப்படிப் போயின. மகள் வளர்ந்து, படித்து, மொன்ட்ரியாலுக்குக் குடியேறினாள். தேடிய சாலை கிடைக்கவில்லை. கிடைத்தபோது அது ஒரு மறதியால் கிடைத்தது.

அயின் லோஸிலிருந்து வெளியுலகத்துக்குப் போக ஒரே வழி. மலைச்சரிவில் நாலு கிலோமீட்டர் இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தைத் தாண்டியதும் ஷாஹீன் மணிமாலையைத் தொங்கவிடுவார், தேடல் தொடங்கும். திரும்பி வரும்போது பாலத்தில் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார், தேடல் முடியும். பாலத்துக்கு மேலே இருப்பது சாலை அல்ல, வீட்டுக்குப் போகும் வழி. அதில் ஏறும்போது அவர் மனத்தில் வளைவுகள் இருக்காது; நஜ்லா என்ன சொல்வாள், தாம் என்ன சொல்லித் தப்பலாம் என்ற கணக்குத்தான் இருக்கும்.

ஓர் இலையுதிர் காலத்தில், முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிறு, மணிமாலையைக் கழற்ற மறந்துவிட்டார்.

நாலாவது வளைவில்தான் கவனித்தார். மாலை ஆடிக்கொண்டிருந்தது. இடம். வலம். ஐந்தாவது வளைவு, இடம். ஆறாவது, வலம். ஷாஹீன் மூச்சை அடக்கிக்கொண்டார், மூச்சுப் பட்டுத் தாளம் கெட்டுவிடுமோ என்று. ஒன்பதாவது வளைவில் மேற்கே கடல் ஒரு தட்டைத் தூக்கிக் காட்டியதுபோல எழுந்து மறைந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் ஒரே மூச்சில் முடிந்தன. பதினேழாவது வளைவு, அது திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. மலையே தன் முதுகைக் காட்டிவிட்டு மெதுவாக முகம் திருப்புவதுபோல. மணிமாலை அந்த வளைவு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அசையாமல், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருப்பதுபோல நின்றது.

ஷாஹீன் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, தாம் பிறந்த நாள் முதல் ஏறி இறங்கிய சாலையை முதல் தடவையாகப் பார்த்தார். நனைந்த தார் கறுப்புப் பட்டுபோலக் கீழே இறங்கி இறங்கிப் போயிற்று. அந்த வழியாக வந்த ரொட்டி வண்டிக்காரர் யாருக்கோ அடிபட்டுவிட்டதென்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்.

இந்த அற்புதத்தை எந்தப் பொறியாளரும் உருவாக்கவில்லை. அந்த உண்மை ஷாஹீனை இன்னும் அதிகமாக வணங்க வைத்தது. அவர் தகப்பனார் காலத்தில் பொறியாளர் ஒருவர் வந்து பாலத்திலிருந்து தேவாலயம்வரை பென்சிலால் ஒரு நேர்கோடு போட்டார். பிறகு ஊர் பேசத் தொடங்கியது. ஊர்க்காரரான அபு தன்னூஸின் தகப்பனார் தம் வால்நட் மரத்தின் நிழல்கூடச் சாலையில் விழக்கூடாது என்றார். கோடு இடப்பக்கம் ஒதுங்கியது. அங்கே எதிர்வீட்டு உம் ஷிப்லி அம்மாளின் மாமனார் சுவர் கட்டியிருந்தார், வலப்பக்கம் ஒதுங்கியது. மேலே இரண்டு அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். ஒருவர் நிலத்தைத் தொட்டால் மற்றவரிடம் போய் அனுமதி கேட்க வேண்டும், அதற்கு முதலில் அவர்கள் பேச வேண்டும். எனவே சாலை இருவரையும் தொடாமல் மலையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அதுதான் பதினேழு. இப்படி ஒரு பிடிவாதத்துக்கு ஒரு வளைவென்று இருபத்து மூன்று வளைவுகள். அண்மைச் சண்டைகள் வெடுக்கென்று திரும்பின. மூன்று தலைமுறைச் சண்டைகள் அகலமாக, நிதானமாக, ஒரு கண்ணியத்தோடு திரும்பின. சரியான அளவில் கலந்த இந்த வெறுப்பை எந்தக் கல்லூரியும் சொல்லித்தர முடியாது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஷாஹீன் ஊரைவிட்டு வெளியே போகவில்லை. பாலம்வரை இறங்குவார், ஏறுவார். அவர் வாழ்க்கையில் இனித் தேட எதுவும் இல்லை. ஐம்பது மரங்களுக்கும் கணக்கு நேராகிவிட்டது.

வசந்தத்தில் வதீ வந்தார்; காசுள்ளவரை அழைக்கும் மரியாதையோடு ஊர் அவரைக் கவாஜா வதீ என்றது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெட்டியோடு பிரேசிலுக்குக் கப்பலேறியவர். சாவ் பாவ்லோவில் பேருந்துகள் ஓட்டும் நிறுவனத்துக்கு முதலாளியாகித் திரும்பியிருந்தார். பெய்ரூத்தில் தங்கிக்கொண்டு, சொந்த ஊரில் வீடு கட்டத் தொடங்கினார். ஞாயிறுதோறும் பெரிய கறுப்புக் காரின் பின்னிருக்கையில், கையில் இலையோடு பறித்த ஓர் எலுமிச்சையை மூக்கில் வைத்துக்கொண்டு, மலையேறுவார். பத்து வளைவுகள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவார். பதினொன்றாவதில் வண்டி நிற்கும், கதவு திறக்கும், அபு தன்னூஸின் வால்நட் மரத்தடியில் கவாஜா வதீ குனிவார். ஒரு ஞாயிறு தவறியதில்லை. அபு தன்னூஸ் ஒரு குடத்தில் தண்ணீரும் துண்டும் அங்கேயே தயாராக வைத்துவிட்டார்.

மூன்றாவது மாதம் கவாஜா அறிவித்தார்: என் செலவில் சாலையை நேராக்குகிறேன். இரண்டு சிறு பாலங்கள், ஒரு மலைவெட்டு, அவ்வளவுதான். நிலம் தரவேண்டியவர்கள் ஆறு குடும்பத்தார். ஆறு கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும். கோடு போட்டு, கையெழுத்து வாங்க, ஊர்த்தலைவரான முக்தார் ஊரின் ஒரே நில அளவையரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஷாஹீன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அதை விரிக்கவே மனம் வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தார், கொஞ்சம் தெம்பு வந்தது. இந்த ஊரில் ஆறு பேர் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டதாகச் சரித்திரமே கிடையாது. தேவாலய மணியை மாற்றுவதற்கே பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. இருந்தாலும் ஒரு தள்ளு தள்ளி வைப்பது நல்லதென்று பட்டது. ஒருவர் மறுத்துவிட்டாரென்று சொன்னால் அடுத்தவர் எதற்குத் தம் நிலத்தைக் கொடுக்கப் போகிறார்?

முதலில் அபு தன்னூஸிடம் போனார். அவர் மரத்தடியில் உட்கார்ந்து பச்சைப் பாதாமை உப்பில் தொட்டுக் கடித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது, மீசைக்கு முப்பது வயது.

"உக்காரு, ஷாஹீன். பாதாம் எடுத்துக்கோ. என்ன, கவாஜா காகிதமா?"

"ஆமா. ஆனா நீங்க ஒண்ணும் அவசரப்பட வேண்டாம். உம் ஷிப்லி மாட்டேன்னு சொல்லிட்டாங்க."

இது சுத்தப் பொய். உம் ஷிப்லியிடம் அவர் இன்னும் போகவே இல்லை.

அபு தன்னூஸ் கடிப்பதை நிறுத்தினார். "மாட்டேன்னாளா?"

"மாட்டவே மாட்டேன்னாங்க."

"ஒரு மனுஷன் நாப்பது வருஷம் கழிச்சுப் பொறந்த மண்ணுக்கு வர்றான். வர்ற வழியில கொடலப் புரட்டிக் கக்குறான். அவனுக்கு அவ ரெண்டு முழம் சுவரு தரமாட்டாளா?"

"அதான் நானும் சொல்றேன், அப்ப நீங்க மட்டும் எதுக்கு..."

"பேனாவக் குடு."

"அபு தன்னூஸ், மரம்! உங்கப்பா மரம்!"

"எங்கப்பாவே செத்துட்டாரு, மரம் என்ன மரம்? நாளைக்கு ஊரு என்ன பேசும்? அவ மாட்டேன்னா, நான் குடுத்தேன். அது போதும் எனக்கு. பேனாவக் குடுடா!"

கையெழுத்து விழுந்தது. இத்தனை பெரிய கையெழுத்தை ஷாஹீன் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவர் தம் தவற்றை ஆராய்ந்தார். பொய் சொன்னதுதான் பிழை. உண்மையைச் சொல்லியிருந்தால், அபு தன்னூஸின் பெயர் இருக்கும் காகிதத்தை உம் ஷிப்லி தொடக்கூட மாட்டாளே! முப்பது ஆண்டுகளாக அவர் வரும் பக்கம் அவள் சன்னலைத் திறந்ததில்லை. இந்தத் தெளிவோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உம் ஷிப்லி, அபு தன்னூஸ் கையெழுத்துப் போட்டுட்டார். உங்களுக்கு இதுல பேர் போட விருப்பம் இருக்காதுன்னு எனக்குத் தெரியும்."

அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "இதென்ன, கழுதை உருண்ட மாதிரி?"

"அது அவர் கையெழுத்து."

"மொத வரியிலயா?"

"முதல்ல போட்டாரு, அதான்..."

"அதுக்கு மேல எடம் இருக்குல்ல?"

காகிதத்தின் தலைப்புக்கும் அபு தன்னூஸின் கையெழுத்துக்கும் நடுவே விரல்கடை அகலம் இடம் இருந்தது. உம் ஷிப்லி அதில் தன் பெயரையும், கணவர் பெயரையும், மாமனார் பெயரையும் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்.

"நாளைக்கு ரோட்டத் தொறக்கும்போது பேரு வாசிப்பாங்கல்ல? மேலருந்துதானே வாசிப்பாங்க?"

"மேலருந்துதான், உம் ஷிப்லி," என்றார் ஷாஹீன். அவர் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

மீதி நாலு பேரிடம் அவர் பொய்யும் சொல்லிப் பார்த்தார், உண்மையும் சொல்லிப் பார்த்தார், வாயைத் திறக்காமலும் உட்கார்ந்து பார்த்தார். எந்தப் பக்கம் தள்ளினாலும் பேனாவில் போய் விழுந்தார்கள். அந்த அண்ணன் தம்பிகளின் பிள்ளைகள் யார் முதலில் போடுவது என்று சண்டையிட்டு, முடிவில் ஒரே நேரத்தில் இரண்டு பேனாவால் போட்டார்கள். மூன்றே நாள். அயின் லோஸ் வரலாற்றில் முதல் முறையாக ஆறு பெயர்கள் ஒரே காகிதத்தில். அபூனா மணியடித்தார். கண்ணீர் மல்க ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "நீதான்யா சமாதானம் பண்ணிவச்ச புண்ணியவான்" என்று ஷாஹீனின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். அவர் அந்த முத்தங்களை, தம் சொந்தச் சாவுக்கு வந்தவர்களிடம் ஆறுதல் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார்.

வரைபடத்தில் கோடு போட வேண்டியது அவர்தான். அளவுகோலைப் பாலத்திலிருந்து தேவாலயத்துக்கு வைத்தார். இருபத்து மூன்று வளைவுகளும் அதன் அடியில் நசுங்கிக் கிடந்தன. அளவுகோலை எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். நஜ்லா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"ஐம்பது மரம் போனப்பகூட உங்க மூஞ்சி இப்படி இல்லியே, மனுஷா."

"அது மரம், நஜ்லா. மரம் மறுபடி மொளைக்கும்."

அன்றைக்குப் பரிகாசம் வேண்டாமென்று நஜ்லா முடிவு செய்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த ஆளுகிட்ட நேரா கேளுங்களேன்."

"என்னன்னு?"

"'ரோட்ட நேராக்காதீங்க'ன்னு. வாயில வர்ற மாதிரி."

ஷாஹீன் அவளை வியந்து பார்த்தார். அவருக்கு நினைவு தெரிந்து அயின் லோஸில் யாரும் யாரிடமும் எதையும் நேராகக் கேட்டதில்லை. சாலையே அதற்குச் சாட்சி.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் பாலத்தில் சிவப்புக் காரை நிறுத்திக் காத்திருந்தார். கறுப்புக் கார் வந்தது. கவாஜா வதீ இறங்கி, ஏறப்போகும் மலையை, பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர் நாற்காலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எலுமிச்சை கையில் தயாராக இருந்தது.

ஷாஹீன் நலம் விசாரித்தார். பிரேசிலில் இருக்கும் பிள்ளைகளை விசாரித்தார். கட்டுகிற வீட்டின் கூரையை, கிணற்றை, காற்றை விசாரித்தார். கவாஜாவும் நஜ்லாவை, மகளை, மொன்ட்ரியால் பனியை விசாரித்தார். விசாரிப்பதற்கு இனி யாரும் மிச்சமில்லை என்றானதும் ஷாஹீன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"கவாஜா, ரோட்ட நேராக்காதீங்க."

"ஏன்? யாராவது கையெழுத்தத் திரும்பக் கேக்குறாங்களா?"

"யாரும் இல்ல. நான்தான் கேக்குறேன். எனக்கு அங்க ஒரு முழ நெலங்கூடக் கெடையாது. ஆனா அந்த மாதிரி ரோடு இந்த மலையில இன்னொண்ணு இல்ல. நான் பாத்துட்டேன். எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"ஹபீபி, நானும் பாத்திருக்கேன். வாராவாரம் பாக்குறேன், ரொம்பக் கிட்டக்க, மரத்தடியில குனிஞ்சு."

கவாஜாவின் ஓட்டுநர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். ஷாஹீன் அந்த ஓட்டுநரைப் பார்த்தார். சிவந்த கன்னம், கொழுத்த தொப்பை, இடது கையில் பாதி தின்ற, தைம் தழை தூவிய ரொட்டி. அளவெடுப்பவரின் கண் சில நேரம் தானாக ஒரு புள்ளியில் போய் நிற்கும்.

"இவருக்கு எப்பவாவது குமட்டியிருக்கா?"

"அவனுக்கா? பதினேழாவது வளைவுல முட்டை உரிச்சுத் திம்பான்."

"ஒரே வண்டி. ஒரே வளைவு. ஒரே நாத்தம்." ஷாஹீன் மெதுவாகச் சொன்னார். "வித்தியாசம், ஸ்டியரிங் அவர் கையில இருக்கு. கவாஜா, நீங்க கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"ஆரம்பத்துல பதினோரு வருஷம் நானேதான் பஸ் ஓட்டினேன். மொதலாளி ஆன அன்னைக்குப் பின்னாடி போய் உக்காந்தேன்."

"குமட்டல்?"

கவாஜா வதீ கையிலிருந்த எலுமிச்சையைப் பார்த்தார். "மொதலாளி ஆனதுக்கு அப்புறம்தான்," என்றார்.

ஷாஹீனுக்குத் தாம் அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பது தெரிந்துவிட்டது. வாங்கிய நாள் முதல் அந்தச் சாவியை வேறு கை தொட்டதில்லை. மெக்கானிக் பழுது பார்க்கும்போதுகூட, ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் இவர்தான் ஓட்டுவார், மெக்கானிக் பக்கத்தில் ஓடி வருவார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பனின் முகத்தோடு நீட்டினார்.

கவாஜா ஓட்டுநர் இருக்கையில் நுழைய நேரமாயிற்று. முதல் வளைவில் கார் இரண்டு முறை நின்றது. இரண்டாவதில் பல்லிடுக்கில் போர்த்துக்கீசிய மொழியில் ஏதோ சொன்னார். மூன்றாவதில் கியர் கத்தியது, ஷாஹீனும் கத்தினார். நாலாவதில் பழைய பேருந்து ஓட்டுநர் விழித்துக்கொண்டார்.

கை தானாக இறங்கியது. கால் தானாக எழுந்தது. மணிமாலை இடம் சாய்ந்தது, வலம் சாய்ந்தது. எலுமிச்சை எப்போது மடியிலிருந்து உருண்டு விழுந்ததென்று கவாஜாவுக்குத் தெரியாது. ஒன்பதில் கடல் எழுந்தபோது அவர் தொண்டையிலிருந்து ஒரு சின்ன ஒலி வந்தது. ஷாஹீன் பயந்து பார்த்தார், குமட்டல் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே கடலில் கப்பலேறியவர், தம் ஊரிலிருந்து அது தெரியும் என்பதை மறந்துபோயிருந்தார். ஏறிய ஞாயிறுகளிலெல்லாம் அவர் பார்த்தது முன்னிருக்கையின் முதுகு மட்டும்தான்.

பதினொன்றில் அபு தன்னூஸ் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சிவப்புக் கார் நிற்காமல் போனது. குடத்தோடு நின்றவர் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. பன்னிரண்டில் உம் ஷிப்லியின் சுவர் காதோரம் உரசுவதுபோல ஓடியது. வலம், இடம், வலம். பதினேழு வந்தது.

கவாஜா அதை அவசரப்படுத்தவில்லை. அகலமாக எடுத்தார், பிடித்தார், பிடித்தபடியே இருந்தார். மலை மெதுவாக முகம் திருப்பியது. மேலே பனி மிச்சமிருந்த சிகரம், கீழே பாதாம் மரங்கள், நடுவில் இவர்கள் இருவரும், தொங்கும் மணிகளும். திருப்பலிக்குப் போகாத இருவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று அபூனா கேட்டிருந்தால், இருவராலும் சரியான பதில் சொல்லியிருக்க முடியாது.

தேவாலய முற்றத்தில் கார் நின்றது. கவாஜா வதீ ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கன்னத்தில் ஈரம்.

"இத யாரு போட்டது?" என்றார்.

"ஊர்தான். சண்டை போட்டே போட்டது."

"நேரா வேண்டாம்."

"வேண்டாமா?"

"ஒரு கல்லக்கூட யாரும் நகத்தக் கூடாது. ஓரத்துல தடுப்புச் சுவரு மட்டும் கட்டித் தர்றேன்." பிறகு, தெய்வத்திடம் கேட்பதுபோல, "இன்னொரு தடவை போலாமா?"

ஷாஹீன் தலையசைத்தார். அவர் நெஞ்சு நிறைந்திருந்தது. இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். இந்த முறை கவாஜாவுக்குத் தைரியம் வந்திருந்தது. ஷாஹீனுக்கோ நாலாவது வளைவில் வாயில் எச்சில் ஊறியது. ஆறாவதில் காது வியர்த்தது. அந்தக் காரின் ஓட்டுநர் இருக்கையைத் தவிர வேறெங்கும் அவர் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. ஒன்பதில் கடல் எழுந்தது, அவருக்குள் வேறு சிலவும் எழுந்தன.

"கவாஜா," என்றார் பதினொன்றில், ஈனக் குரலில். "கொஞ்சம் நிறுத்துங்க."

அபு தன்னூஸ் குடத்தோடு அங்கேயே நின்றிருந்தார். அவர் முகம் மலர்ந்தது.

சாலை நேராகாது என்ற செய்தி அன்று மதியத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. மாலைக்குள் ஆறு குடும்பமும், அதைத் தடுத்தது தாங்கள்தான் என்று சொல்லத் தொடங்கியிருந்தது. உம் ஷிப்லி காகிதத்தைத் திரும்பக் கேட்டாள். கிழிக்க அல்ல, தன் பெயர் மேலே இருப்பதைச் சட்டம் போட்டு மாட்ட. அது பொறுக்காமல் அபு தன்னூஸ் மரத்தைச் சுற்றிப் புதிதாக வேலி போட்டார். வளைவு முன்பைவிட ஒரு சாண் இறுகியது. ஷாஹீன் போய்ப் பார்த்து, மேம்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

கவாஜா வதீ தமக்கென்று ஒரு சிறிய சிவப்புக் கார் வரவழைத்திருக்கிறார். அது பெய்ரூத் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. ஏதோ ஒரு முத்திரைக்காகக் காத்திருக்கிறது. அடுத்த மாதம் வந்துவிடும். பதினோரு மாதமாக அடுத்த மாதம் வந்துவிடும். அதுவரை, சாலையைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாவியை எப்படி மறுப்பது?

ஆகவே ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஊர் தேவாலயத்துக்கு நடக்கும்போது ஐம்பது மரம் எதிர்த் திசையில் இறங்குகிறது. ஓட்டுவது, வீடு முடிந்து ஊரோடு வந்துவிட்ட கவாஜா. பக்கத்தில் ஷாஹீன், மூக்கில் இலையோடு பறித்த எலுமிச்சை. திண்ணமாக ஒரு வளைவில் வண்டி நிற்கும். நஜ்லாதான் எலுமிச்சை பறித்துக் கொடுக்கிறாள். "இந்த மரம் நம்மகிட்ட மிச்சம் இருந்தது நல்லதாப் போச்சு" என்று சொல்லித்தான் கொடுக்கிறாள்.

போன ஞாயிறு பதினொன்றில் கார் நின்றபோது எதிர்ப்பக்கத்துச் சன்னல், முப்பது ஆண்டுகளில் முதல் தடவையாக, திறந்தது.

"எப்பப் பாத்தாலும் அவன் மரத்தடியிலதானா?" என்றாள் உம் ஷிப்லி. "எஞ்சுவரு என்ன பாவம் பண்ணிச்சு, ஷாஹீன்? இங்கயும் தண்ணி இருக்கு."

"அடுத்த வாரம், உம் ஷிப்லி," என்றார் ஷாஹீன், மரத்தைப் பிடித்துக்கொண்டு. "அடுத்த வாரம் ஒரு வளைவு தாங்கிப் பாக்குறேன்."

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பதினேழு வரும்போது கண் திறக்காமலே அவருக்குத் தெரிந்தது. தலைக்கு மேலே மணிமாலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, சத்தமில்லாமல், அப்படியே நின்றது.